டிஜிட்டல் வந்தால் பழையது போயே போய்விடுமா? மெர்சிங் கரையில் கிடைக்கும் பதில்

மெர்சிங் படகுத்துறையில் தியோமான் ஃபெர்ரிக்காகக் காத்திருந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். ஆற்று முகத்துவாரத்தில் ஆழம் குறைவு. அதனால் கடல் ஏற்றத்தைப் பார்த்துத்தான் ஃபெர்ரி கிளம்பும், நேரமும் நாளுக்கு நாள் மாறும். சும்மா உட்கார்ந்திருக்கிற அந்த நேரத்தில் நாம் என்ன செய்வோம்? கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருப்போம். ஒரு ரீல்ஸ், இரண்டு ரீல்ஸ், அப்படியே அரை மணி நேரம் ஓடிவிடும்.

அந்த வீடியோ எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், கை தானாக வானத்தைக் காட்டும். "கிளவுட்" என்று பெயர் வைத்தவர்கள் நம்மை நன்றாகவே ஏமாற்றிவிட்டார்கள். உண்மையில் கண்டம் விட்டுக் கண்டம் போகும் இணையத் தரவில் 95 விழுக்காட்டுக்கும் மேல் கடலடிக் கேபிள்கள் வழியாகத்தான் போகிறது. நீங்கள் பார்க்கிற வீடியோவின் நகல் அநேகமாகப் பக்கத்து சர்வர் ஒன்றிலேயே இருக்கும். ஆனால் அந்த நகலும் முதலில் கடலைக் கடந்துதான் இங்கே வந்திருக்க வேண்டும். அப்படி வரும் கேபிள்கள் மலேசியாவில் கரையேறும் முக்கியமான இடங்களில் ஒன்று, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இதே மெர்சிங்.

"இனி எல்லாம் டிஜிட்டல்தான். பேப்பர், ரேடியோ, புத்தகம் எல்லாம் கதை முடிந்தது" என்கிற பேச்சை அலசிப் பார்க்க மெர்சிங்கை விட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. டிஜிட்டல் கரையேறும் ஊர் இது. ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் டிஜிட்டலுக்குச் சோதனை வருகிற ஊரும் இதுதான்.

கடலுக்கு அடியில் என்ன கிடக்கிறது?

சீமீவீ-3 என்று ஒரு கேபிள். தென்கிழக்கு ஆசியா, மத்தியக் கிழக்கு, மேற்கு ஐரோப்பா என்பதன் சுருக்கம்தான் இந்தப் பெயர். ஜெர்மனியில் ஆரம்பித்து இலங்கையின் கல்கிசை, இந்தியாவின் மும்பை, கொச்சி, பினாங்கு, மெர்சிங் எனக் கரை தொட்டு, ஒரு பக்கம் ஆஸ்திரேலியா, இன்னொரு பக்கம் ஜப்பான், கொரியா வரை போனது. நீளம் சுமார் 39,000 கிலோமீட்டர். 1999-ல் சேவைக்கு வந்தது. அடுத்து 2009-ல் ஏஏஜி, அதாவது ஆசியா-அமெரிக்கா கேட்வே. மெர்சிங்கில் தொடங்கி ஹாங்காங், குவாம், ஹவாய் வழியாக கலிஃபோர்னியா வரை சுமார் 20,000 கிலோமீட்டர். 2012-ல் ஜப்பான் பக்கம் போகும் ஏஎஸ்இ. 2017-ல் தீபகற்பத்தையும் சபா, சரவாக்கையும் இணைக்கும் எஸ்கேஆர்1எம். இவை எல்லாமே மெர்சிங்கைத் தொட்டவை.

ஆழ்கடலில் இந்தக் கேபிளின் தடிமன் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய் அளவுதான். நடுவில் முடி போன்ற கண்ணாடி இழைகள். சுற்றிலும் எஃகுக் கம்பி, மின்சாரம் கொண்டுபோகச் செம்பு, அதற்கு மேல் பாலிஎத்திலீன் உறை. ஒளி போகப் போக மங்கும் என்பதால் ஏறக்குறைய 60 முதல் 100 கிலோமீட்டருக்கு ஒரு ஒளிபெருக்கி வைத்திருப்பார்கள். மொத்த அமைப்பும் 25 ஆண்டு உழைக்கும் என்ற கணக்கில் செய்யப்படுகிறது.

25 ஆண்டு என்றதைக் கவனித்தீர்களா? சீமீவீ-3 கேபிள் 2024-ல் ஓய்வு பெற்றுவிட்டது. நாம் "புதுசு" என்று சொல்லிக்கொண்டிருந்த ஒன்று வேலைக்கு வந்து, வயதாகி, ரிட்டையர் ஆகியும் போய்விட்டது. அதே 1999-ல் அச்சான உங்கள் அண்ணனின் பள்ளி ஆண்டு மலர் அலமாரியில் நன்றாகத்தான் இருக்கும், கரையான் அரிக்காமல் இருந்தால்.

ஜொகூர் காட்டு மரத்தில் தொடங்கிய கதை

"பழைய பொருளைப் புதுப் பொருள் விரட்டிவிடும்" என்பது சில இடங்களில் உண்மை. அதற்கு நல்ல உதாரணமும் இந்தக் கேபிளுக்குள்ளேயே இருக்கிறது.

கடலுக்கு அடியில் முதன்முதலில் தந்திக் கம்பி போட்டபோது, செம்பில் உப்புநீர் படாமல் காக்க ஓர் உறை தேவைப்பட்டது. ரப்பர் கடல்நீரில் கெட்டுவிடும். அப்போது கை கொடுத்தது கெட்டாபெர்ச்சா. மலாயில் கெத்தா பெர்ச்சா என்பார்கள். நம் தாத்தாக்கள் தோட்டத்தில் சீவிய ரப்பர் மரம் பிரேசிலிலிருந்து வந்தது. கெட்டாபெர்ச்சா தரும் தாபான் மரம் இந்தப் பகுதிக் காட்டுக்கே சொந்தமானது. வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும், கடலடியில் பல ஆண்டுகள் கிடந்தாலும் கெடாது.

1840-களில் இந்தப் பிசினுக்கு ஐரோப்பாவில் கிராக்கி ஏற, ஜொகூர் காடுகளிலிருந்து வந்த சரக்கின் வியாபாரத்தைக் கையில் வைத்துச் செல்வம் சேர்த்தவர் தெமெங்கோங் டாயிங் இப்ராகிம். இன்றைய ஜொகூர் அரச குடும்பத்தின் முன்னோர் அவர். ரப்பர் மாதிரி நின்ற மரத்தில் சீவி எடுக்கவில்லை. மரத்தையே வெட்டிச் சாய்த்துப் பால் எடுத்தார்கள், அதிலும் ஒரு மரத்தில் கிடைப்பது கொஞ்சமே. உலகத்தின் தந்திக் கம்பிகளுக்காக இந்தப் பக்கத்துக் காடுகளில் எத்தனை மரம் விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1870-71-ல் மெட்ராஸிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் வரை போட்ட தந்திக் கம்பி நம்மவர்கள் கப்பலேறி வந்த அதே கடல்வழியில்தான் கிடந்தது.

பிறகு 1933-ல் இங்கிலாந்தில் பாலிஎத்திலீன் கண்டுபிடிக்கப்பட்டது. 1956-ல் அட்லாண்டிக் கடலைக் கடந்த முதல் தொலைபேசிக் கேபிளுக்கு அதுதான் உறை. கெட்டாபெர்ச்சாவின் கதை அங்கே ஏறக்குறைய முடிந்தது. பல் டாக்டர் வேர்ச் சிகிச்சை செய்யும்போது பல்லுக்குள் வைத்து அடைப்பாரே, அதில் மட்டும் இன்னும் இருக்கிறது. செய்தியைச் சுமக்கும் வேலையில் செம்புக்குப் பதில் கண்ணாடி இழை வந்ததும் இதே மாதிரிதான். இரண்டுக்கும் வேலை ஒன்று, புதியது எல்லா வகையிலும் மேல். அப்படி இருந்தால் பழையது போய்விடும், அதில் அழுது பிரயோஜனம் இல்லை.

ஆனா ஒரு நாளிதழ் செய்கிற வேலையும் கைப்பேசி செய்கிற வேலையும் ஒன்றுதானா? ரேடியோவும் ஸ்பாட்டிஃபையும் ஒன்றா? சிக்கலே இங்கேதான்.

300 ஆண்டு தாமதம்

தமிழர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. தமிழில் முதல் அச்சுப் புத்தகம் 1578-லேயே வந்துவிட்டது: கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம். அச்சு இயந்திரத்தை இன்றைய டிஜிட்டல் மாதிரி நினைத்துக்கொண்டால், அடுத்த ஐம்பது ஆண்டில் பனையோலை காணாமல் போயிருக்க வேண்டும். நடந்ததோ வேறு. 300 ஆண்டு கழித்து, 1880-களில், உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகப் போய் ஓலைச்சுவடி தேடிக்கொண்டிருந்தார். சீவக சிந்தாமணியை அவர் பதிப்பித்தது 1887-ல். அதுவரை அந்த நூல் முழுமையாக இருந்தது ஓலையில்தான்.

பழைய ஊடகம் தானாக நிலைத்துவிடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஓலை ஈரத்திலும் பூச்சியிலும் அழியக்கூடியது. சில தலைமுறைக்கு ஒருமுறை யாராவது உட்கார்ந்து புது ஓலையில் பிரதி எடுத்தால்தான் நூல் பிழைக்கும். அச்சும் பேனாவும் வந்தபின் பிரதி எடுக்கிற பழக்கம் குறைந்தது. ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டவர்களும், வீட்டில் இடம் அடைக்கிறது என்று எரித்தவர்களும் உண்டு. அச்சில் ஏறாமலும் ஓலையில் புதுப்பிக்கப்படாமலும் அந்த இடைவெளியில் விழுந்த நூல்கள் போனது போனதுதான்.

இப்போது நாம் இருப்பதும் அதே மாதிரி ஓர் இடைவெளியில்.

நம் நாட்டில் என்ன போனது, என்ன நின்றது?

1924-ல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 தொடக்கத்தில் நின்றது. ஏறத்தாழ 95 ஆண்டு. அதற்குச் சில வாரம் முன்புதான், 2018 டிசம்பரில், 1896-லிருந்து வந்துகொண்டிருந்த மலாய் மெயில் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்கு மட்டும் போனது. 2019 அக்டோபரில் உத்துசான் மலேசியாவும் மூடியது. எல்லாம் முடிந்தது என்று எழுதினார்கள். அடுத்த ஆண்டே வேறு நிர்வாகத்தில் உத்துசான் திரும்பவும் கடைக்கு வந்துவிட்டது!

இந்த மூன்றையும் "டிஜிட்டல் கொன்றது" என்று ஒரே பெட்டியில் போடுவது சோம்பேறித்தனம் என்பது என் கருத்து. வாசகர் திரைக்குப் போனார் என்பது பாதி. விளம்பரக் காசு வாசகருக்கு முன்னாலேயே கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போய்விட்டது என்பது மீதி. செய்தி படிக்கிற ஆசை யாருக்கும் போகவில்லை, அதற்குச் செலவு செய்த பணம்தான் இடம் மாறிவிட்டது. ஒரு நாளிதழ் நின்றால் அதோடு போவது வெறும் காகிதம் இல்லை. தோட்டத்துக் கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு, துக்க அறிவிப்பு என்று யார் கண்ணுக்கும் படாத செய்திகளைத் தேதி போட்டுப் பதிவு செய்து வைக்கிற ஒரு பழக்கமும் சேர்ந்தே போகிறது. வாட்ஸ்அப்பில் வந்த மரண அறிவிப்பை அடுத்த வருடம் தேடிப் பாருங்கள், புரியும்.

தொலைக்காட்சியில் நடந்தது வேறு வகை. 2019 ஜூலை 21-ல் லங்காவியில் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தினார்கள். அக்டோபர் 31-க்குள் நாடு முழுக்க நின்றது. பழைய ஆன்டெனா டிவி வைத்திருந்த வீடுகள் டிகோடர் வாங்க வேண்டியிருந்தது, குறைந்த வருமானக் குடும்பங்கள் பலவற்றுக்கு அரசே இலவசமாகத் தந்தது. காலியான அலைவரிசை கைப்பேசி இணையத்துக்குப் போனது. பாட்டி வீட்டு டப்பா டிவி மட்டும் சாகவில்லை. டிகோடரை மாட்டினால் அதிலேயே டிஜிட்டல் ஓடும்.

மழை வரும்போது யார் பேசுவார்கள்?

இனி மெர்சிங்குக்கே திரும்புவோம். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. ஃபெர்ரிகள் குறைந்துவிடும், மீன்பிடிப் படகுகள் ஆற்றுக்குள் ஒதுங்கிக் கட்டிக் கிடக்கும். பெரிய மழையென்றால் சாலை மூழ்கும், மின்சாரம் துண்டிக்கப்படும்.

மின்சாரம் போனால் கைப்பேசிக் கோபுரம் பேட்டரியில் சில மணி நேரம் ஓடும். அதற்குப் பிறகு லைன் இல்லை. கோபுரம் வேலை செய்தாலும் ஊரே ஒரே நேரத்தில் அழைக்கும்போது திணறும். கைப்பேசி ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பேசுகிற அமைப்பு, எண்ணிக்கை கூடினால் நெரிசல்தான். ரேடியோ அப்படி இல்லை. ஒரு கோபுரத்திலிருந்து வரும் எஃப்எம் அலையை 10 பேர் கேட்டாலும் 10,000 பேர் கேட்டாலும் சுமை ஒன்றுதான். உங்கள் பக்கம் தேவைப்படுவது இரண்டு பேட்டரி. டேட்டா வேண்டாம், பாஸ்வேர்ட் வேண்டாம்.

2006 டிசம்பர், 2007 ஜனவரியில் மெர்சிங் உட்பட ஜொகூர் மாநிலம் அனுபவித்த வெள்ளம் உங்களுக்கு நினைவு இருக்காது, நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள். வீட்டில் கேளுங்கள், சொல்வார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு நிவாரண மையங்களுக்குப் போனார்கள். அந்த வெள்ளத்தின் இரண்டு அலைகளுக்கும் இடையில், 2006 டிசம்பர் 26-ல், தைவானுக்குத் தெற்கே கடலடி நிலநடுக்கம். பல கேபிள்கள் ஒரே இரவில் அறுந்தன. சீமீவீ-3 கேபிளும் அவற்றில் ஒன்று. இந்த வட்டாரம் முழுக்க இணையம் ஆமையாக ஊர்ந்தது. எல்லாவற்றையும் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆனது. அன்று இணையம் இல்லாமல் போனால் மின்னஞ்சல் வராது, அவ்வளவுதான். இன்று அதே இரண்டும் ஒன்றாக வந்தால்? பணம் கட்டுவது கியூஆரில், பள்ளி அறிவிப்பு டெலிகிராமில், மழை எச்சரிக்கை செயலியில்.

2022 ஜனவரியில் டோங்கா தீவில் எரிமலை வெடித்தபோது அதன் ஒரே சர்வதேசக் கேபிள் அறுந்தது. சரியாக ஐந்து வாரம் ஆனது. நமக்கு ஒன்றுக்கு மேல் கேபிள் இருப்பதால் அவ்வளவு மோசமாகாது. ஆனால் கேபிள் அறுவதற்கு எரிமலையே வேண்டும் என்பதில்லை. உலகில் ஆண்டுக்கு 150 முதல் 200 முறை கேபிள் பழுதாகிறது. பெரும்பாலும் காரணம் மீன்பிடி வலையும் கப்பல் நங்கூரமும்தான்.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன். நார்வே 2017-லேயே தேசிய வானொலிகளின் எஃப்எம்மை நிறுத்தி டிஜிட்டல் வானொலிக்கு மாறிவிட்டது. ஸ்விட்சர்லாந்தின் பொது வானொலியும் 2024 இறுதியில் நிறுத்தியது. ஆகவே எஃப்எம் நிரந்தரம் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் கவனியுங்கள்: அவர்கள் மாறியதும் இன்னொரு ஒலிபரப்புக்குத்தான். கோபுரம், ஆன்டெனா, பேட்டரி ரேடியோ எல்லாம் அங்கேயும் இருக்கின்றன.

சேமித்தது பத்திரமா?

என் சொந்தக் கதை ஒன்று. கல்லூரி இறுதியாண்டில் ஒரு குறும் ஆவணப்படம் எடுத்தேன், டிவிடியில் பதிவு செய்து வைத்திருந்தேன். போன வருடம் பார்க்கலாம் என்று எடுத்தால் வீட்டில் அதை ஓட்ட ஒரு கருவியும் இல்லை. கடன் வாங்கிய டிரைவில் போட்டேன், பாதியில் நின்றுவிட்டது. அந்தப் படத்துக்கு நான் பேட்டிக் குறிப்பு எழுதிய எக்சர்சைஸ் புத்தகம் பக்கத்திலேயே இருந்தது. என் கையெழுத்து அன்று எவ்வளவு மோசமோ இன்றும் அவ்வளவு தெளிவாக மோசம்.

பெரியவர்களுக்கும் இதே கதைதான். 1986-ல் பிபிசி, பிரிட்டன் மக்களின் வாழ்க்கையைப் பெரிய அளவில் லேசர் வட்டில் பதிவு செய்தது. பதினைந்து ஆண்டுக்குள்ளேயே அந்த வட்டைப் படிக்கிற கருவி அரிதாகி, மீட்கத் தனியாகப் பாடுபட வேண்டியதாயிற்று. மைஸ்பேஸ் தளம் பல ஆண்டுகளாகப் பயனர்கள் ஏற்றிய பாடல்களை சர்வர் மாற்றும்போது தொலைத்துவிட்டதாக 2019-ல் ஒத்துக்கொண்டது. 2011-ல் ஜிமெயிலில் ஒரு பகுதிப் பயனர்களின் மின்னஞ்சல்கள் காணாமல் போயின. கூகுள் அவற்றை எங்கிருந்து மீட்டது தெரியுமா? காந்த நாடாவிலிருந்து! நாம் தூக்கிப் போட்ட கேசட்டின் தூரத்துச் சொந்தம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு தலைவலி. மலேசியரான முத்து நெடுமாறன் 1980-களின் நடுவிலேயே முரசு மென்பொருளை உருவாக்கினார். கணினியில் தமிழ் வந்தது பெருமைதான். ஆனால் அடுத்த இருபது ஆண்டுகள் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியேற்றம். 1991-லேயே யூனிகோடில் தமிழ் இடம்பெற்றும், 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு தாம், தாப் என்று வேறு தரங்களைத் தந்தது. டிஸ்கி ஒரு பக்கம், பாமினி இன்னொரு பக்கம். அந்தக் காலத்துக் கோயில் மலரையோ தமிழ்ப்பள்ளித் தேர்வுத்தாளையோ இன்று உங்கள் மடிக்கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாக ஏதோ சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்த மாதிரி வரும். கோப்பு கெடவில்லை, படிக்கிற சாவிதான் தொலைந்துவிட்டது. அச்செடுத்த பிரதி இருந்தால் பாட்டிகூடப் படித்துக் காட்டுவார்.

அதற்காகக் காகிதத்தைக் கும்பிடவும் முடியாது. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. பலவற்றுக்கு வேறு பிரதியே இல்லை. 2005-ல் தொடங்கிய நூலகம் திட்டம் இன்று ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் செய்து இணையத்தில் வைக்கிறது. காகிதம் காப்பாற்றாததை டிஜிட்டல் காப்பாற்றுகிற இடம் அது. மெர்சிங்கில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தால், அலமாரியில் இருக்கிற கல்யாண ஆல்பத்தைக் காகிதம் என்பதற்காக வெள்ளம் விட்டுவைக்காது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பிறப்புப் பத்திரம், நிலப் பத்திரம், தாத்தாவின் பழைய சிவப்பு ஐசி இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் வெளிச்சத்தில் படம் எடுங்கள். ஒரு பிரதி கிளவுடில், ஒரு பிரதி ஹார்ட் டிஸ்க்கில். அந்த ஹார்ட் டிஸ்க்கை அதே வீட்டில் வைக்காதீர்கள், குளுவாங்கில் இருக்கிற அத்தை வீட்டில் கொடுத்து வையுங்கள். அசலை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றுங்கள். கைப்பேசியில் இருக்கிற ஆயிரக்கணக்கான படங்களில் ஒரு இருபதை, பாட்டி சிரிக்கிற அந்த ஒன்றையும் சேர்த்து, கடையில் கொடுத்து அச்சடித்து, பின்னால் யார் யார் என்று பென்சிலில் எழுதுங்கள். பழைய எழுத்துருவில் இருக்கிற தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற இணையத்தில் இலவச மாற்றிகள் உண்டு. அந்தச் சாவி இன்னும் கிடைக்கிறபோதே மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு சின்ன ரேடியோ. மின்னல் எஃப்எம் எல்லா ஊரிலும் ஒரே எண்ணில் வராது, இடத்துக்கு இடம் அலைவரிசை மாறும். வெயில் அடிக்கிற ஒரு நாளில் திருகிப் பார்த்து, உங்கள் வீட்டில் எந்த எண்ணில் தெளிவாகக் கேட்கிறதோ அதை ஒரு பிளாஸ்திரியில் எழுதி ரேடியோ முதுகில் ஒட்டிவிடுங்கள். பேட்டரியை மட்டும் உள்ளே போட்டு வைக்காதீர்கள், மாதக்கணக்கில் கிடந்தால் ஒழுகிக் கெடுத்துவிடும். ரேடியோவோடு சேர்த்து, கைக்கு எட்டுகிற மாதிரி அதே பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள்.